எந்த யானத்தில் ஏறுவது?



வாசகர் வட்டம், மாணவர் முகாம், வீரவணக்கக் கூட்டம் என்று எங்கே போனாலும் கடைசியில் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியை எடுத்துவிடுகிறார். "இந்து மதத்த விட்டு வெளியேறணும்ங்கறது சரி. பௌத்தத்துக்குப் போகணும்ங்கறதும் சரி. ஆனா எந்தப் பௌத்தம்ணே? தேரவாதமா, மகாயானமா, திபெத்தா, ஜப்பானா, விபாசனாவா, இல்ல பாபாசாகேப் சொன்ன நவயானமா?"

இந்தக் கேள்விக்கு நம் வட்டாரத்தில் இரண்டு ஆயத்தப் பதில்கள் இருக்கின்றன. "எல்லாம் ஒண்ணுதான், புத்தர் ஒருத்தர்தானே" என்பது ஒன்று. "பாபாசாகேப் சொல்லிட்டார், அதுக்கு மேல என்ன கேள்வி?" என்பது இன்னொன்று. இரண்டுமே கேட்பவரின் வாயை அடைக்கிற பதில்கள். முதல் பதில் பொய். பௌத்தப் பிரிவுகள் ஒன்றல்ல. சில இடங்களில் ஒன்றுக்கொன்று நேர் எதிராகவே நிற்கின்றன. இரண்டாவது பதிலைப் பாபாசாகேப்பே ஏற்றுக்கொள்ளமாட்டார்.

கேசபுத்தம் என்ற ஊரில் காலாமர்கள் இதே குழப்பத்தோடுதான் புத்தரிடம் வந்தார்கள். 'வருகிறவர்கள் எல்லாரும் தங்கள் கொள்கையை உயர்த்தி மற்றதைத் தாழ்த்திப் பேசுகிறார்களே, யாரை நம்புவது?' என்று கேட்டார்கள். பரம்பரையாக வந்தது என்பதற்காகவோ, ஏட்டில் இருக்கிறது என்பதற்காகவோ, சொன்னவர் நம் ஆசான் என்பதற்காகவோ ஏற்காதீர்கள். நன்மை தருகிறதா, தீங்கு தருகிறதா என்று நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள் என்பதே அவர் சொன்னதன் சாரம். அவரே அப்படித் தேடியவர்தான். ஆளார காலாமரிடம் போனார், கற்றார், போதாது என்று விலகினார். உத்தக ராமபுத்தரிடம் போனார், அங்கிருந்தும் விலகினார். உடலை வருத்தும் தவத்தையும் செய்து பார்த்துக் கைவிட்டார்.

நம் மொழியிலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. பரத்தையர் குலத்து மாதவியின் மகள் மணிமேகலை, வஞ்சி நகரில் தவசி வேடம் பூண்டு வைதிகர், சைவர், வைணவர், ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், பூதவாதி என்று ஒவ்வொரு சமயக் கணக்கரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். எல்லாம் கேட்ட பிறகே காஞ்சியில் அறவண அடிகளிடம் தர்மம் கேட்டு அமர்கிறாள். பசித்தவர்க்குச் சோறிட்டு, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றவைத்தவள் அவள். அவளுடைய தேடலை வெறும் தத்துவ விசாரம் என்று தள்ள முடியாது.

பாபாசாகேப்பும் 1935 அக்டோபரில் இயேவலாவில் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்துவிட்டு மறுநாளே பௌத்தராகிவிடவில்லை. 21 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். சீக்கியத்தைப் பார்த்தார், இஸ்லாத்தையும் கிறித்தவத்தையும் பார்த்தார். 1950-ல் கொழும்புக்கும் 1954-ல் ரங்கூனுக்கும் போய் பௌத்த நாடுகளில் பௌத்தம் எப்படி வாழ்கிறது என்று நேரில் பார்த்தார். 1956 அக்டோபர் 14-ல்தான் நாகபுரியில் தீட்சை பெற்றார். ஆகவே தேடுவது சபலமும் இல்லை, துரோகமும் இல்லை. தேடித்தான் அமர வேண்டும்.

நானும் சில ஆண்டுகள் இப்படித் தேடியிருக்கிறேன். கேள்வி கேட்ட தோழர்களுக்கு என் தேடலை முன்வைப்பதே நாணயமான பதில் என்று நினைக்கிறேன். போன இடத்திலெல்லாம் மூன்று கேள்விகளைக் கையில் வைத்திருந்தேன். ஒன்று: என் சேரியின் துயரத்துக்கு நீ என்ன காரணம் சொல்கிறாய்? இரண்டு: உன் சங்கத்தில் யார் உட்கார முடியும், யார் உட்கார முடியாது? மூன்று: உன் விகாரையின் கதவு தெருவைப் பார்த்துத் திறக்கிறதா?

முதலில் தேரவாதம். நமக்கு மிக நெருக்கமான கதவு அது. 1898-ல் பண்டிதர் அயோத்திதாசர் கர்னல் ஆல்காட் துணையோடு கொழும்பு சென்று, சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் பெற்றார். நாகபுரியில் பாபாசாகேப்புக்குத் திரிசரணமும் பஞ்சசீலமும் வழங்கியவர் பர்மாவைச் சேர்ந்த உ. சந்திரமணி தேரர். ஆக நம்முடைய இரண்டு பெரும் மதமாற்றங்களுக்கும் தேரவாதப் பிக்குகளே கை கொடுத்தார்கள். பாலி நிகாயங்களைப் பாதுகாத்துக் கொடுத்ததும் இந்த மரபுதான். முடிதிருத்தும் உபாலி சாக்கிய இளவரசர்களுக்கு முன்னால் துறவு பெற்றதையும், தெருக்கூட்டிய சுனீதர் அரகதர் ஆனதையும் நாம் அறிவது இந்த மரபின் நூல்களால்தான். இந்த நன்றியை மறக்கக் கூடாது.

ஆனால் நூலில் இருப்பது வேறு, நாட்டில் இருப்பது வேறு. இலங்கையில் 1753-ல் சயாமிலிருந்து கொண்டுவரப்பட்ட உபசம்பதாவால் உருவானது சியாம் நிகாயம். கொஞ்ச காலத்துக்குள்ளேயே கொவிகம சாதியினருக்கு மட்டும்தான் உயர் துறவு என்று கதவை மூடிக்கொண்டது. மறுக்கப்பட்ட சலாகம சாதியினரும் மற்றவர்களும் பர்மாவுக்குக் கப்பலேறிப் போய் உபசம்பதா பெற்று வந்து, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமரபுர நிகாயத்தை அமைத்தார்கள். சாதி மறுத்தவரின் சங்கத்துக்குள் சாதிக்கொரு நிகாயம்! சியாம் நிகாயத்தில் அந்தத் தடை இன்னும் அகலவில்லை. இது போதாதென்று அரசோடு கைகோத்த பௌத்தம் வேறு. 1972, 1978 அரசியல் சட்டங்களில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் எழுதிக்கொண்ட நாட்டில், 1983-லும் 2009-லும் தமிழர்களுக்கு என்ன நடந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 2017-ல் பர்மாவிலிருந்து ரோகிங்கியா முஸ்லிம்கள் துரத்தப்பட்டபோது அதற்கு முன்பிருந்தே வெறுப்பை ஊதிக்கொண்டிருந்தவர்களில் காவியுடுத்த பிக்குகளும் இருந்தார்கள்.

பெண்கள் நிலையும் இப்படித்தான். புத்தர் காலத்தில் தொடங்கிய பிக்குணி சங்கம் தேரவாத நாடுகளில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அற்றுப்போனது. 1990-களில் சாரநாத்திலும் புத்தகயாவிலும் நடந்த உபசம்பதாக்களின் வழியாகப் பெண்கள் அதை மீட்டார்கள். ஆனால் தாய்லாந்தின் சங்கத் தலைமை 1928-ல் போட்ட தடை ஆணையை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. 'உட்கார முடியாதவர் யார்' என்ற என் இரண்டாவது கேள்விக்கு இங்கே கிடைத்த பதில் எனக்கு உவப்பாக இல்லை.

முதல் கேள்விக்கும்தான். ஒரு பிக்குவிடம் சேரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மிகவும் அன்பானவர். ஆனாலும் முற்பிறவி வினை என்று ஒரு இடத்தில் வந்து நின்றுவிட்டார். "அப்ப கீழ்வெண்மணியில 1968-ல குடிசைக்குள்ள எரிஞ்சுபோன 44 பேரும் முன்வினை தீர்த்தாங்களா? தீ வச்சவங்க யார் வினைய முடிச்சு வச்சாங்க?" என்று கேட்டேன். பதில் இல்லை. பார்ப்பனியம் நம் தலையில் கட்டிய அதே மூட்டையைப் பாலி மொழியில் கட்டிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள முடியுமா?

அடுத்து விபாசனா. நம் பிள்ளைகள் பலர் இப்போது இந்த வாசலில்தான் நிற்கிறார்கள். மாந்தளையில் பிறந்த கோயங்கா, ஊ பா கின் என்ற பர்மிய ஆசானிடம் கற்று, 1969-ல் இந்தியா வந்து பரப்பிய முறை. 1976 முதல் இகத்புரி அதன் தலைமை இடம். பத்து நாள் பேசாமல் இருக்க வேண்டும். கட்டணம் கிடையாது. மூச்சைக் கவனி, உடம்பில் எழுகிற உணர்ச்சிகளைக் கவனி, எதற்கும் வினையாற்றாதே என்கிறார்கள். நானும் பத்து நாள் உட்கார்ந்தேன். பயன் உண்டு, மறைக்கவில்லை. அவமானம் உடம்பில் எங்கே போய்ப் பதுங்கிக்கொள்கிறது என்பதை அந்தப் பத்து நாளில்தான் பார்த்தேன். குடியில் மூழ்கும் தோழனுக்கும், விடுதி அறையில் தனித்துக் குமையும் மாணவிக்கும் இந்தப் பயிற்சி உதவும் என்றே சொல்வேன்.

ஆனால் இது மதமல்ல, எந்த மதத்தில் இருந்தும் செய்யலாம் என்பது அவர்கள் நிலைப்பாடு. அதாவது ஆண்டை ஆண்டையாகவே வந்து உட்காரலாம், அமைதியடைந்து ஆண்டையாகவே திரும்பலாம். பத்து நாள் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் பதினோராம் நாள் என் ஊரையும் தெருவையும் விசாரிக்கத் தொடங்கிவிட்டார். அடிவிழும்போது வலியைக் கவனிப்பது ஒரு கலைதான். அடிக்கிற கையைப் பிடிக்கிற கலையை யார் சொல்லித் தருவது? விபாசனா நல்ல மருந்து. ஆனால் மருந்தையே வீடாக்கிக் குடியிருக்க முடியாது.

மைசூருக்குப் பக்கத்தில் பைலகுப்பேயில் திபெத்திய அகதிகளின் குடியிருப்பு இருக்கிறது. நாடிழந்த மக்கள் தங்கள் மொழியையும் நூலையும் அறிவையும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்நிய மண்ணில் காத்து நிற்பதைப் பார்த்தால் வணங்கத் தோன்றுகிறது. நாகார்ச்சுனர், தர்மகீர்த்தி தர்க்கத்தை இளம் பிக்குகள் கை தட்டி, கால் உதைத்து வாதிடும் முறையை நம் மாணவர் முகாம்களில் கொண்டுவந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மறுபிறப்பின் மீதே முழுக் கட்டமைப்பும் நிற்கிறது. ஒரு லாமா இறந்தால் அடுத்த உடலில் வருகிறார், வந்ததும் ஆசனம் அவருக்கு. பிறப்பால் வரும் ஆசனத்தை எதிர்த்துப் புறப்பட்ட நமக்கு இது எப்படிப் பொருந்தும்? அதே மரபு வேரூன்றிய லடாக்கில் மேளமும் சுர்ணாவும் வாசிக்கும் மோன், பேடா மக்களும் கொல்லர்களான காராக்களும் தாழ்ந்தவர்களாகவே நடத்தப்பட்டு வந்திருக்கிறார்கள். அங்கேயும் மேளம் அடிக்கிறவன் கடைசி வரிசையில்தான்!

ஜப்பானை எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரத்துப் போதிதர்மர் என்று பெருமை பேசி, ஜென் கதைகளைத் துணுக்குகளாகப் பத்திரிகைகளில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த நாட்டிலும் தோல் பதனிடுவோர், இறந்த விலங்குகளை அப்புறப்படுத்துவோர் என்று ஒதுக்கப்பட்ட புராக்கு மக்கள் இருக்கிறார்கள் என்பதை அந்தத் துணுக்குகள் சொல்வதில்லை. இறந்தவர்க்குக் கோயில் வழங்கும் மரணப் பெயரில்கூட, புராக்கு மக்களுக்கு 'மிருகம்', 'இழிந்தவர்' என்று பொருள்படும் எழுத்துகளைச் சேர்த்துக் கல்லறையில் பொறித்தார்கள். செத்த பிறகும் சாதி. 1979-ல் ஒரு உலக சமய மாநாட்டில், ஜப்பானில் இப்படி ஒரு பாகுபாடே இல்லை என்று சோட்டோ ஜென் பிரிவின் தலைமை நிர்வாகி பேசினார். புராக்கு விடுதலை இயக்கத்தினர் விடவில்லை. போராடி, கோயில் பதிவேடுகளையும் கல்லறைகளையும் திறந்து பார்க்க வைத்து, தவறை அந்தப் பிரிவு ஒப்புக்கொள்ளும்படி செய்தார்கள். புராக்கு மக்களில் மிகப் பலர் ஜோதோ சின்ஷூ என்ற பிரிவைச் சேர்ந்தவர்கள். 1922-ல் கியோத்தோவில் சுய்கெய்ஷா என்ற சமத்துவ இயக்கம் தொடங்கியபோது, தங்கள் காணிக்கையில் வாழ்ந்துகொண்டே தங்களை ஒதுக்கிய தங்கள் மதத் தலைமையையே அவர்கள் கேள்வி கேட்டார்கள். பௌத்தராக இருந்துகொண்டே பௌத்த மடத்தை எதிர்த்து நின்ற அந்தத் தோழர்களிடம் நாம் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.

அதே ஜப்பானில் 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் நிச்சிரேன். அரசதிகாரத்தை எதிர்த்து, நாடு கடத்தப்பட்டு, சாடோ தீவிலிருந்து கடிதம் எழுதியபோது தன்னைச் சண்டாளர் குடும்பத்தில் பிறந்தவன் என்று வெளிப்படையாக எழுதிக்கொண்டவர். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவர் வழியில் 1930-ல் தொடங்கப்பட்ட சோகா கக்காயின் நிறுவனர் மகிகுச்சி, போர்க்கால அரசின் மத ஆணைக்குப் பணியாமல் 1944-ல் சிறையிலேயே இறந்தவர். ஆனால் நம் நகரங்களில் அந்த இயக்கத்தின் கூட்டங்களுக்குப் போய்ப் பார்த்தபோது, வேலை கிடைக்க, நோய் தீர, கடன் அடைய மந்திரம் ஓதுவதைப் பற்றியே அதிகம் பேசினார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் சண்டாளன் என்று நெஞ்சு நிமிர்த்திச் சொன்ன நிச்சிரேன் அங்கே இல்லை.

தெருவைப் பார்த்துத் திறந்த கதவுகளும் இருந்தன என்பதைச் சொல்லியாக வேண்டும். வியத்நாமில் குண்டுமழைக்கு நடுவே, 1966-ல் திக் நியட் ஹான் தொடங்கிய சங்கம் தியானத்தையும் சமூகப் பணியையும் பிரிக்காமல் வைத்தது. பிரிட்டிஷ் பிக்கு சங்கரட்சிதர் பாபாசாகேப்பைச் சந்தித்தவர். அவர் மறைந்த செய்தி வந்த 1956 டிசம்பரில் நாகபுரியில் மக்களோடு நின்றவர். அவர் தொடங்கிய இயக்கம் 1970-களின் இறுதியிலிருந்து பூனா சேரிகளில் வேலை செய்தது, விடுதிகள் நடத்தியது. இன்று திரிரத்ன என்ற பெயரில் இயங்குகிறது. பாபாசாகேப்பையும் தியானத்தையும் சேர்த்துப் படிக்கலாம் என்று அவர்கள் காட்டியது முக்கியம். ஆனால் நம் விடுதலைக்கான சங்கத்தின் கடைசிச் சொல் நம்மிடமிருந்தே பிறக்க வேண்டும் என்ற எண்ணம் என்னை அங்கேயும் அமரவிடவில்லை.

இப்படிச் சுற்றிவிட்டு நம் மண்ணுக்கே வருவோம். 1898-ல் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் எழுந்தது. 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கிய நம் மக்கள் வெளியே வந்து விகாரை கட்டினார்கள், நூல் அச்சிட்டார்கள், திருமணமும் இறப்பும் பௌத்த முறையில் நடத்தினார்கள். பாபாசாகேப்புக்கு அரை நூற்றாண்டு முன்பே இது நடந்தது. நாம் மதம் மாறவில்லை, பறிக்கப்பட்டதை மீட்கிறோம் என்றார் பண்டிதர். அதே காலத்தில் பேராசிரியர் லட்சுமி நரசு 1907-ல் எழுதிய 'பௌத்தத்தின் சாரம்' நூல் பகுத்தறிவுப் பௌத்தத்தை முன்வைத்தது. 1948-ல் அதன் மறுபதிப்புக்கு முன்னுரை எழுதியவர் பாபாசாகேப். ஆக நவயானத்தின் வேரில் சென்னையின் தண்ணீரும் உண்டு.

இங்கேயும் என் இரண்டாவது கேள்வியை நான் கீழே வைக்கவில்லை. தாழ்த்தப்பட்டோர் வேறு, இயல்பில் தாழ்ந்தோர் வேறு என்று பண்டிதர் பிரித்து எழுதினார். சக்கிலியர், தோட்டி, குறவர், வில்லியர் ஆகியோரை அந்த இரண்டாவது பக்கத்தில் வைத்தார். பூர்வ பௌத்தர் என்ற அவருடைய வீட்டில் அருந்ததியருக்குத் திண்ணைகூடக் கிடைக்கவில்லை. அருந்ததியத் தோழர்கள் இதைச் சுட்டிக்காட்டும்போது நம்மில் சிலர் கோபப்படுகிறார்கள். கோபப்பட என்ன இருக்கிறது? பண்டிதரின் மேதைமையைக் கொண்டாடுவோம். இந்தக் கோட்டை அழிப்போம். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாதவர் பௌத்தராக இருக்க முடியாது.

இத்தனைக்கும் பிறகு நான் அமர்ந்த இடம் நவயானம். பாபாசாகேப் சொன்னார் என்பதற்காக மட்டும் இல்லை. என் மூன்று கேள்விகளுக்கும் நேருக்கு நேர் பதில் சொன்னது அது ஒன்றுதான்.

அவர் மறைந்த பிறகு 1957-ல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முகப்பிலேயே நான்கு சிக்கல்களை எழுப்புகிறார். கிழவனையும் நோயாளியையும் பிணத்தையும் முதன்முறையாகப் பார்த்துத்தான் சித்தார்த்தர் துறவு பூண்டார் என்பது நம்பும்படி இருக்கிறதா? நான்கு உண்மைகள் புத்தரின் மூலப் போதனைதானா? ஆன்மாவே இல்லை என்றவரிடம் கர்மமும் மறுபிறப்பும் எப்படி வந்தன? பிக்கு என்பவர் தன்னளவில் நிறைவுற்ற மனிதரா, மக்களுக்குத் தொண்டு செய்பவரா? சாக்கியருக்கும் கோலியருக்கும் ஏற்பட்ட ரோகிணி ஆற்று நீர்ச் சண்டையில், போருக்கு எதிராக நின்றதால் வீட்டை விட்டு வெளியேறியவராகச் சித்தார்த்தரைக் காட்டுகிறார். தண்ணீர்ச் சண்டை என்றால் என்னவென்று மகத் குளத்துக்குப் போனவர்க்குத் தெரியாதா? 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதைப் பார்த்த நமக்குத்தான் தெரியாதா? துயரம் முற்பிறவியிலிருந்து வருவதில்லை. மனிதருக்கு மனிதர் இழைக்கும் அநீதியிலிருந்து வருகிறது. ஆகவே மனிதர் அதை நீக்கவும் முடியும். முன்வினைக் கோட்பாடு, அரசையும் சமூகத்தையும் பொறுப்பிலிருந்து தப்பவிடும் கோட்பாடு என்று அவர் தெளிவாகவே மறுத்தார்.

"இது பௌத்தமே இல்ல, அம்பேத்கர் இஷ்டத்துக்கு மாத்திட்டார்" என்கிறார்கள். சொல்கிறவர்களில் பிக்குகளும் உண்டு, பேராசிரியர்களும் உண்டு. மகாயானம் தோன்றியபோது பழைய பிரிவினர் இதையேதான் சொன்னார்கள். தாவோ மண்ணில் ஜென்னாக மாறியது, திபெத்தில் தந்திரம் கலந்தது, ஜப்பானில் பிக்குகள் திருமணம் செய்துகொண்டார்கள். அவற்றையெல்லாம் பௌத்த மரபின் வளம் என்று எழுதுகிறவர்கள், தீண்டப்படாதவர் ஒருவர் பௌத்தத்தைத் திருத்தி வாசித்தால் மட்டும் சிதைவு என்று ஏன் எழுதுகிறார்கள்? காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப யானங்கள் உருவாகும் என்றால், எங்கள் காலத்துக்கும் எங்கள் சேரிக்கும் ஒரு யானம் உருவாகக் கூடாதா?

இன்னொன்று: 22 உறுதிமொழிகள். எந்தப் பிரிவிலும் இல்லாத கூர்மை அது. இந்துக் கடவுளரை வணங்கமாட்டேன், புத்தர் விஷ்ணுவின் அவதாரம் என்பதை ஏற்கமாட்டேன், பார்ப்பனரைக் கொண்டு சடங்கு செய்யமாட்டேன் என்று பழைய வீட்டின் கதவைச் சாத்திவிட்டுப் புதிய வீட்டுக்குள் நுழையச் சொல்கிறது. 2022 அக்டோபரில் தில்லி அம்பேத்கர் பவனில் ஆயிரக்கணக்கானோர் அந்த உறுதிமொழிகளை ஏற்ற நிகழ்ச்சியில் கலந்துகொண்டதற்காக ராஜேந்திர பால் கௌதம் அமைச்சர் பதவியை விட்டு விலக நேர்ந்தது. தியான முகாமில் கலந்துகொண்டதற்காக எந்த அமைச்சராவது பதவி இழந்ததுண்டா? ஆதிக்கம் எதைக் கண்டு பயப்படுகிறது என்று பாருங்கள். உனாவில் 2016-ல் கட்டி வைத்து அடிக்கப்பட்டவர்களின் குடும்பம் 2018-ல் தீட்சை பெற்றபோது அவர்கள் தேடியதும் இந்த நிமிர்வைத்தான்.

நவயானத்தில் அமர்ந்ததால் அதன் ஓட்டைகள் என் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடவில்லை. உள்ளே இருப்பதால்தான் அவை அதிகம் உறுத்துகின்றன. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பௌத்தர் சுமார் 84 லட்சம். அதில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் மகாராட்டிரத்தில் மட்டும். அங்கேயும் பெரும்பாலோர் ஒரே சாதியிலிருந்து வந்தவர்கள். தமிழ்நாட்டில் சுமார் 11 ஆயிரம் பேர்தான். பண்டிதர் பிறந்த மண்ணில் இவ்வளவுதானா? பறையர், பள்ளர், அருந்ததியர் ஒரே பந்தியில் உட்கார்ந்து, ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வரை நம் பௌத்தம் மேடைப் பௌத்தம்தான். பிறகு, மேடையில் புத்தர், வீட்டுக்குள் முருகன். மகன் தீட்சை வாங்குகிறான், தாய்க்கு யாரும் தம்மத்தைச் சொல்வதில்லை. சாவு விழுந்தால் ஐயரைத் தேடுகிறோம், அல்லது என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறோம். பெண்கள் விகாரையில் விளக்கேற்றுகிறார்கள், தீட்சை கொடுக்கும் இடத்தில் ஆண்களே நிற்கிறார்கள். ஓதுவது பாலியில், பாடுவது மராத்தி மெட்டில். மணிமேகலை தந்த மொழிக்கு இது அடுக்குமா?

ஆகவே தோழர்களே, நான் கேட்பது இதுதான். தேடுங்கள். பத்து நாள் உட்கார்ந்து பாருங்கள், பிக்குகளோடு வாதாடுங்கள், பாலி நிகாயங்களைப் படியுங்கள், புராக்கு மக்களின் போராட்டத்தைப் படியுங்கள். நல்லது எங்கிருந்தாலும் எடுத்து வாருங்கள். மனதைக் காக்கும் பயிற்சி நமக்குத் தேவை. சிறைக்கும் வழக்குக்கும் அவமானத்துக்கும் நடுவே இயங்குகிறவர்களுக்கு அது கூடுதலாகவே தேவை. ஆனால் தேடுவதையே தொழிலாக்கிவிடாதீர்கள். முகாமுக்கு முகாம், குருவுக்குக் குரு என்று அலைந்துகொண்டே இருந்தால் சேரியில் வேலை நடக்காது.

அமர்கிறவர்கள் முழுதாக அமருங்கள். மதம் மாறினால் சாதிச் சான்றிதழ் போய்விடும் என்று மாணவர்களைப் பயமுறுத்துகிறார்கள். 1990-லேயே பட்டியல் சாதி ஆணை திருத்தப்பட்டு பௌத்தர்களும் சேர்க்கப்பட்டுவிட்டார்கள், பயப்படாதீர்கள். அதே உரிமை தலித் கிறித்தவர்க்கும் தலித் முஸ்லிம்களுக்கும் இன்றுவரை மறுக்கப்படுவதை எதிர்த்துக் குரல் கொடுக்கவும் மறக்காதீர்கள். 2027-க்கு அறிவிக்கப்பட்டிருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் என்ன என்று கேட்கும்போது பௌத்தம் என்று வாய்திறந்து சொல்லுங்கள். எழுதுகிறவர் சரியாக எழுதுகிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறப்புக்கும் திருமணத்துக்கும் இறப்புக்கும் எளிய தமிழில் நடைமுறை ஒன்றை உருவாக்குவோம். அதை நடத்த ஊருக்கு இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். புத்தகயா மகாபோதி விகாரையின் நிர்வாகக் குழுவில் 1949 சட்டத்தின்படி பாதி இடம் இந்துக்களுக்கு என்ற அநியாயத்தை எதிர்த்து 2025-ல் பிக்குகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். எல்லா யானத்தாரும் ஒன்றாக நிற்க வேண்டிய இடம் அது. அங்கே நமக்குள் பிரிவு பேச வேண்டாம்.

இந்த இதழை வாசித்து முடித்த தோழர்கள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருவிலிருந்து, உங்கள் சாதியில் பிறக்காத இன்னொரு தலித் தோழரையும் அழைத்துக்கொண்டு 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முதல் பகுதியைச் சத்தம்போட்டுப் படியுங்கள். அம்மாவையும் அக்காவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். எழும் கேள்விகளை எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் விவாதிப்போம். முரண்பட்டும் எழுதலாம். முரண்பாட்டுக்குப் பயந்து எந்தச் சங்கமும் வாழ்ந்ததில்லை.

தம்மம் வெல்லும். ஜெய்பீம்.

– ஆசிரியர்